துறைக்கேற்ற ஆங்கிலப் பயிற்சி

கல்வியின் பொருட்டுக் கடல் கடந்து செல்லும் மாணாக்கர் ஒருவரை நாம் மனத்தில் நிறுத்திப் பார்ப்போமாக. தம் நாட்டிலே பொருளாதாரத்திலோ இரசாயனத்திலோ முதல் வகுப்பில் தேறியவர். ஆங்கிலப் பரீட்சையிலும் வேண்டிய அளவு எண்கள் பெற்றவர். ஆயினும், இங்கிலாந்தில் ஒரு சர்வகலாசாலையின் மண்டபத்தில் அமர்ந்து விரிவுரை கேட்கும்போது, சொற்கள் செவியில் விழுகின்றனவேயன்றிக் கருத்து மனத்தில் பதியவில்லை. அவர் எழுதிக் கொடுத்த முதற் கட்டுரையோ, விஷயம் உண்டு, எழுதும் முறை இல்லை என்னும் குறிப்புடன் திரும்பி வருகின்றது. அவருக்கு அறிவில் குறையா? அன்று. ஆங்கிலம் அறியாமையா? அதுவும் அன்று. பின்னை யாது குறை? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒவ்வொரு கல்வித்துறையும் பொதுவான ஆங்கிலத்தினுள்ளே தனக்கென ஒரு வழக்கை அமைத்துக்கொண்டிருக்கின்றது. ‘ஸொல்யூஷன்’ என்னும் சொல் கணித மாணாக்கருக்கு விடையைக் குறிக்கும். இரசாயன மாணாக்கருக்குக் கரைசலைக் குறிக்கும். ‘கன்ஸிடரேஷன்’ என்பது பொது வழக்கில் ஆலோசனை; ஆங்கில ஒப்பந்தச் சட்டத்திலோ, ஒருவர் தந்த வாக்குறுதிக்கு ஈடாக மற்றவர் கொடுக்கும் பொருள் அல்லது செய்யும் செயல். அகராதியைப் புரட்டிய அளவில் இவ்வேறுபாடு விளங்கிவிடாது.

சொல்லைவிட எழுதும் முறையில் வேறுபாடு பெரிது. சோதனைச்சாலை அறிக்கையில் எழுதுகிறவர் பெரும்பாலும் தம்மை மறைத்துக்கொண்டு, திரவம் சூடாக்கப்பட்டது என்று செயலை மட்டும் கூறுவார். தாதியர் கல்வியிலோ, நோயாளியிடம் நான் இவ்வாறு நடந்துகொண்டேன், அதனால் இதனைக் கற்றேன் என்று தம்மையே முன்னிறுத்தி எழுதும்படி கேட்கப்படுகின்றனர். சட்ட மாணாக்கர் வழக்கின் செய்திகளில் எழும் பிரச்சினையைப் பிரித்தெடுத்து, அதற்குரிய விதியைக் காட்டி, அவ்விதியைச் செய்திகளுக்குப் பொருத்தி, முடிவு கூறவேண்டும். ஒரு துறையில் குணமாவது மற்றொன்றில் குற்றமாகும். ஆகவே, எல்லாருக்கும் ஒரே கட்டுரைப் பயிற்சி அளிப்பது, எல்லா நோய்க்கும் ஒரே மருந்து கொடுப்பதை ஒக்கும்.

நிற்க. இவ்வுண்மையை முன்னரே உணர்ந்து செயலிற் காட்டியோர் உளர். பர்மிங்ஹாம் சர்வகலாசாலையில் டிம் ஜான்ஸ், டோனி டட்லி-எவன்ஸ் என்னும் பாஷையாசிரியர் இருவர், போக்குவரத்து இயலும் தாவர இயலும் பயின்ற அயல்நாட்டு மாணாக்கருக்காக ஒரு புதுமுறையைக் கையாண்டு, அதனை 1980-ஆம் ஆண்டில் விவரித்து வெளியிட்டனர். துறையாசிரியர் நிகழ்த்திய விரிவுரை ஒலிப்பதிவு செய்யப்பட்டது. பின்னர்த் துறையாசிரியரும் பாஷையாசிரியரும் ஒரே வகுப்பில் கூடியிருந்து, மாணாக்கர் எதனை விளங்கிக்கொண்டனர், எவ்விடத்தில் இடறினர் என்று ஆராய்ந்தனர். இதனால் மாணாக்கரேயன்றித் தம் சொல் எவ்விடத்தில் பிறருக்கு எட்டவில்லை என்பதை ஆசிரியரும் அறிந்துகொள்ள வழி உண்டாயிற்று.

பரீட்சைகளும் ஒருகால் இவ்வழியில் சென்றன. 1980-ஆம் ஆண்டில் பிரிட்டனில் தொடங்கிய ‘எல்ட்ஸ்’ பரீட்சையில் மருத்துவம், தொழில்நுட்பம் முதலிய துறைகளுக்குத் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. 1989-இல் அதன் இடத்திற்கு வந்த ‘ஐயெல்ட்ஸ்’ அவற்றை மூன்றாகக் குறைத்தது; 1995-இல் அம்மூன்றும் நீங்கி, கல்விக்குரிய பகுதி ஒன்றே நின்றது. அங்ஙனமாயின் துறைவாரிப் பயிற்சியும் வீண் அன்றோ எனச் சிலர் வினவலாம். அன்று என்போம். பரீட்சை என்பது பலரை ஒரே கோலால் அளப்பது. அதற்குப் பொதுமை வேண்டும். பயிற்சி என்பது ஒருவரை அவர் செல்லும் இடத்துக்கு ஆயத்தப்படுத்துவது. அதற்கு அவ்விடத்தின் இயல்பு தெரியவேண்டும்.

சொற்களைப் பற்றியும் இவ்வித விவாதம் உண்டு. நியூஸிலாந்தில் ஆவெரில் காக்ஸ்ஹெட் என்னும் அம்மையார் கலை, வாணிபம், சட்டம், விஞ்ஞானம் ஆகியவற்றைச் சார்ந்த ஏறக்குறைய 35 லட்சம் சொற்களாலான நூற்றொகுதியை ஆராய்ந்து, 570 சொற்குடும்பங்கள் கொண்ட பட்டியல் ஒன்றை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார். கல்வி நூல்களில் வரும் சொற்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து இவற்றுள் அடங்கும். பின்னர் 2007-இல் கென் ஹைலண்ட், பாலி ட்ஸே என்போர், அச்சொற்களே துறைக்குத் துறை வேறு பொருளிலும் வேறு துணைச்சொற்களோடும் வருகின்றன என்று எடுத்துக்காட்டினர். பொதுப் பட்டியல் வாயில்; துறை வழக்கு வீடு. வாயிலோடு நின்றவர் வீட்டை அறியார்.

இனி, இப்பயிற்சியை வகுக்கும் முறையைச் சுருங்கக் கூறுவோம். முதலாவது, தேவையை அறிதல். மாணாக்கர் அத்துறையில் எதனைப் படிக்கவேண்டும், எதனைக் கேட்கவேண்டும், எதனை எழுதவேண்டும் என்பதைத் துறையாசிரியரிடமும், முன்னர்ப் பயின்றோரிடமும் கேட்டறிதல் வேண்டும்.

இரண்டாவது, மெய்யான மாதிரிகளைத் திரட்டுதல். நல்ல எண்கள் பெற்ற பழைய கட்டுரைகள், பரீட்சை வினாக்கள், விரிவுரைகள் ஆகியன பாடமாக வேண்டும். பிரிட்டனில் நான்கு சர்வகலாசாலைகளிலிருந்து ஏறக்குறைய 3,000 மாணாக்கர் கட்டுரைகளைத் திரட்டி ஆராய்ந்தவர்கள், அவற்றை 13 வகைகளாகப் பிரித்துள்ளனர்.

மூன்றாவது, மாதிரியின் அமைப்பைப் பகுத்துக் காட்டுதல். ஜான் ஸ்வேல்ஸ் என்னும் அறிஞர் 1990-இல் வெளியிட்ட நூலில், ஆராய்ச்சிக் கட்டுரையின் முன்னுரை மூன்று படிகளில் செல்வதை விளக்கினார்: விஷயத்தின் சிறப்பை நாட்டுதல், முன்னோர் ஆராய்ச்சியில் உள்ள இடைவெளியைக் காட்டுதல், அதனை நிரப்ப முன்வருதல். இதனை அறிந்த மாணாக்கர் வெற்றுத் தாளின் முன் திகைத்திரார்.

நான்காவது, மாணாக்கரே எழுதிப் பழகுதலும், அதனைப் பாஷையாசிரியரும் துறையாசிரியரும் சேர்ந்து திருத்துதலும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அன்றோ?

இதில் இடர்ப்பாடுகளும் இல்லாமலில்லை. கல்லூரி தொடங்குமுன் நடைபெறும் பயிற்சி பெரும்பாலும் சில வாரங்களே நிகழ்வது. ஒரே வகுப்பில் பொறியியலாரும் சட்ட மாணாக்கரும் கலந்திருப்பர். பாஷையாசிரியர் எல்லாத் துறைகளிலும் வல்லவராதல் இயலாது. வல்லவர்போல் நடித்தலும் தகாது. அவ்விடத்து, ஒவ்வொரு மாணாக்கரும் தம் துறைக் கட்டுரை ஒன்றைக் கொணர்ந்து, அதன் அமைப்பைத் தாமே ஆராய்ந்து, பிற துறையாரோடு ஒப்பிட்டுக் கூறுமாறு செய்தல் நலம். விஷயத்தில் மாணாக்கர் ஆசிரியராகவும், பாஷையில் ஆசிரியர் துணைவராகவும் அமைவர். அன்றியும், வகுப்புகள் தொடங்கிய பின்னும் இத்துணை தொடரவேண்டும். இடர் தோன்றுவது அப்பொழுதே யாதலின்.

அன்பர்களே! இது பாஷை நுட்பம் பற்றிய சிறு விஷயமென்று எண்ணற்க. கடன் பட்டும் நிலத்தை ஈடு வைத்தும் பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்பும் பெற்றோர் பலர். அங்கே ஒரு மாணாக்கர் எழுதும் முறை அறியாமையால் பின்தங்கும்போது, தமக்கு அறிவே இல்லையென்று தம்மைத் தாமே தாழ்வாக எண்ணத் தொடங்குகின்றார். அவ்வெண்ணமே பெருங் கேடு. நம் கல்லூரியிலிருந்து அங்ஙனம் செல்ல விரும்புவோர், இலக்கணத்தோடு நின்றுவிடாமல், தாம் பயிலப்போகும் துறையின் கட்டுரைகளை இப்பொழுதே வாசித்து, அவை எங்ஙனம் தொடங்குகின்றன, எங்ஙனம் நிறுவுகின்றன, எங்ஙனம் முடிகின்றன என்று கவனித்துப் பழகுவாராக. அயல்நாட்டில் பயின்று மீண்ட பழைய மாணாக்கர்கள் தாம் எழுதிய கட்டுரைகளை இளையோருக்குக் காட்டி உதவுவார்களாயின், அதனினும் சிறந்த பாடநூல் வேறில்லை.