நீண்ட அயர்னுக்கு மாற்று: உயரத் தூக்கும் ஃபேர்வே வுட்

கோல்ஃப் ஆடுபவர் ஒரு சுற்றுக்கு 14 மட்டைகளுக்கு மேல் பையில் வைத்துக்கொள்ள விதி இடம் தருவதில்லை. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1938இல் இந்த வரம்பை விதித்தது. ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ அமைப்பு மறு ஆண்டு அதை ஏற்றது. புட்டர், டிரைவர், குட்டை அயர்ன்கள், வெட்ஜ்கள் ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்குவதில் பெரிய குழப்பம் வராது. 170 முதல் 210 கெஜம் வரை அடிக்க எதை வைத்துக்கொள்வது என்பதில்தான் சிக்கல். ஒரு காலத்தில் அந்தத் தூரம் 2, 3, 4 எண் அயர்ன்களுக்கு உரியது. இன்று பெரும்பாலானோருக்குப் பொருத்தமானவை 5, 7, 9 எண் ஃபேர்வே வுட்கள்.

மட்டையின் முகம் செங்குத்திலிருந்து எவ்வளவு பின்சாய்ந்திருக்கிறது என்பதை லாஃப்ட் என்ற கோணம் சொல்கிறது. 3ஆம் எண் அயர்னின் லாஃப்ட் ஏறக்குறைய 20, 21 பாகை. 7ஆம் எண் வுட்டுக்கும் அதே 21 பாகைதான். 9ஆம் எண் வுட் 24 பாகை அளவில் 4ஆம் எண் அயர்னுக்கு இணையாக நிற்கிறது. கோணம் ஒன்றாக இருந்தும் இரண்டும் அடிக்கும் பந்து ஒரே மாதிரி பறப்பதில்லை. வுட்டின் பந்து உயரமாக எழுந்து செங்குத்தாக இறங்கும். அயர்னின் பந்து தாழப் பறந்து, விழுந்த பிறகும் ஓடும். மட்டைத்தலையின் எடை எங்கே இருக்கிறது என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

நீண்ட அயர்னின் தலை ஒரு மெல்லிய எஃகுத் தகடு. அதன் நிறை முழுவதும் முகத்தை ஒட்டியே இருக்கிறது. வுட்டின் தலை உள்ளீடற்ற கூடு. முகத்திலிருந்து பின்புறமாக நீண்டு, அடிப்பகுதியில் கனத்திருக்கும். அதனால் அதன் ஈர்ப்பு மையம் தாழ்வாகவும் முகத்துக்கு வெகு பின்னாலும் அமைகிறது. வீச்சின் வேகத்தில் அந்த மையம் மட்டைத்தண்டின் நேர்கோட்டுக்கு வர முயல்கிறது. அப்போது தண்டு சற்றே முன்னோக்கி வளைய, பந்தைத் தொடும் நொடியில் முகம் அச்சிட்ட எண்ணைவிடக் கூடுதலாகப் பின்சாய்கிறது. ஆடுபவர் எந்த முயற்சியும் செய்யாமலே பந்து உயர எழுகிறது.

பிழையைப் பொறுப்பதும் இதே அமைப்பால்தான். காவடியின் இரு முனைகளிலும் குடங்கள் தொங்கினால் அதைச் சட்டென்று திருப்ப முடியாதது போல, நிறை பரவிக் கிடக்கும் தலையும் எளிதில் திரும்பாது. பந்து முகத்தின் நடுவில் படாமல் அரை அங்குலம் தள்ளிப் பட்டாலும் வேகம் அதிகம் குறையாது. மெல்லிய நீண்ட அயர்னில் அதே தவறு நடந்தால் தலை கையிலேயே முறுக்கிக்கொள்ளும். குளிர்காலக் காலையில் விரல்கள் விண்ணென்று வலிக்கும்.

வுட்டின் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அது தட்டையாக இல்லை என்பது தெரியும். இடமிருந்து வலமும் மேலிருந்து கீழும் மெல்லிய புடைப்பு இருக்கும். முகத்தின் நுனிப்பக்கம் பட்ட பந்து வலப்புறமாகக் கிளம்பினாலும் (வலக்கை ஆட்டக்காரருக்கு), தலை திரும்புவதால் பந்துக்கு எதிர்த்திசைச் சுழற்சி கிடைத்து அது நடுவை நோக்கி வளைந்து வரும். ஈர்ப்பு மையம் பின்னால் இருக்கும் தலையில்தான் இந்தத் திருத்தம் நன்றாக வேலை செய்யும். அதனால்தான் அயர்னின் முகத்தைத் தட்டையாகவே விடுகிறார்கள்.

இந்த மட்டைகளில் இன்று மரமே இல்லை. பெயர் மட்டும் பழையது. எஃகும் டைட்டானியமும் வருவதற்கு முன் தலைகளை அமெரிக்கப் பெர்சிமன் மரத்தில் கடைந்தார்கள். அம்மரம் நம் கருங்காலியின் பேரினமான டயோஸ்பைரஸைச் சேர்ந்தது. 1979இல் கேரி ஆடம்ஸ் தொடங்கிய டெய்லர்மேட் நிறுவனம் எஃகு வார்ப்பில் உள்ளீடற்ற தலையை விற்கத் தொடங்கியது. கூடு ஆகிவிட்ட தலையில் எடையை வேண்டிய இடத்துக்கு நகர்த்த முடிந்தது. 1990களில் கேலவே நிறுவனம் தன் 7ஆம் எண் வுட்டுக்கு ‘ஹெவன் வுட்’ என்று பெயரிட்டு விற்றது.

உயர லாஃப்ட் வுட் முதியோருக்கும் வலுக்குறைந்தோருக்கும் உரியது என்ற எண்ணம் நெடுநாள் நிலவியது. அது தவறு. 1976 மாஸ்டர்ஸ் போட்டியில் ரே ஃபிளாய்ட் 1ஆம் எண் அயர்னை நீக்கிவிட்டு 5ஆம் எண் வுட்டை வைத்துக்கொண்டார். 271 அடிகளில் முடித்து, ஜாக் நிக்லாஸின் அன்றைய சாதனையைச் சமன் செய்து, எட்டு அடி வித்தியாசத்தில் வென்றார். 2020 மாஸ்டர்ஸில் வென்ற டஸ்டின் ஜான்சன் அக்காலத்தின் வலுவான ஆட்டக்காரர்களில் ஒருவர். அவர் பையிலும் 7ஆம் எண் வுட் இருந்தது.

தமிழ்நாட்டில் இந்த மட்டையின் பயனைக் கண்கூடாகக் காட்டும் இடம் கொடைக்கானல். தேவதானப்பட்டிக்கு அருகே காட்ரோடு பிரிவில் சமவெளியை விட்டு மலையேறும் சாலை முடிகிற ஊரில், 1895இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பின் 18 குழி மைதானம் இருக்கிறது. தேவதானப்பட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மைதானமோ 2,000 மீட்டருக்கும் மேல். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எதிர்ப்பு குறைவதால் பந்து கூடுதல் தூரம் போகிறது. 7, 8 விழுக்காடு வரை எதிர்பார்க்கலாம். பலர் இதை மட்டும் மனத்தில் வைத்து மட்டையைக் குறைத்து எடுக்கிறார்கள்.

மற்றொரு விளைவையும் கவனிக்க வேண்டும். பின்சுழற்சியுடன் பறக்கும் பந்தைத் தூக்கிப் பிடிப்பதும் காற்றுதான். காற்று மெலிந்தால் அந்தத் தூக்கலும் குறையும். பந்து தாழப் பறந்து சாய்வாக இறங்கும். ஏறக்குறைய 45 பாகையில் இறங்கும் பந்து கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தரையில்) நிற்கும் என்பது பயிற்சியாளர்களின் பொதுக் கணக்கு. சமவெளியிலேயே அந்தக் கோணத்தைத் தொடமுடியாத நீண்ட அயர்ன், மலைமேல் இன்னும் சாய்வாக இறங்கி, கிரீனைத் தாண்டி ஓடிவிடும். இங்கே 7ஆம் எண் வுட் தரும் கூடுதல் உயரம், மெலிந்த காற்று பறித்துக்கொண்டதை ஈடுகட்டுகிறது.

தரையின் சரிவும் கணக்கில் சேரும். ஐந்து பாகை கீழ்நோக்கிச் சரியும் இடத்தில் நின்று அடித்தால் 21 பாகை முகம் 16 பாகையாகவே வேலை செய்யும். கொடையில் சமதளத்தில் பந்து கிடப்பது அபூர்வம். 3ஆம் எண் அயர்னை அப்படிப்பட்ட இடத்தில் எடுப்பவர் உண்மையில் 1ஆம் எண் அயர்னால் அடிக்கிறார். நீண்ட ஈரப்புல்லிலும் வுட்டுக்கே வாய்ப்பு அதிகம். அகன்று வளைந்த அடிப்பகுதி புல்லின்மேல் வழுக்கிச் செல்லும். அயர்னின் கூரிய விளிம்போ உள்ளே இறங்கிச் சிக்கும். பந்து வேர்வரை புதைந்திருந்தாலோ, மேயவரும் காட்டுமாடுகளின் குளம்புக் குழியில் உட்கார்ந்திருந்தாலோ இரண்டையும் விட்டு வெட்ஜ் எடுப்பதே அறிவு.

அயர்னுக்கு உரிய வேளைகளும் உண்டு. எதிர்காற்று வலுத்தால் உயரப் பறக்கும் பந்து நடுவானில் நின்று விழும். மரக்கிளைகளுக்கு அடியில் பந்தைச் செலுத்தவும் தாழ்ந்த பறத்தலே வேண்டும். சென்னை கிண்டியில் குதிரைப் பந்தயத் தடத்துக்குள் அமைந்திருந்த ஜிம்கானா கிளப்பின் சமதள மைதானத்தில், கோடையில் தரை இறுகிக் கிடந்தபோது, தாழப் பறந்து உருளும் அடி நல்ல பலன் தந்தது. வுட்டின் தண்டு இரண்டு அங்குலத்துக்கும் மேல் நீளம் என்பதால், காலுக்கு மேலே பந்து கிடக்கும் பக்கச்சரிவில் குறியை அடிப்பதும் கடினமாகும்.

யாருக்கு எது என்பதை ஒரு எளிய சோதனை காட்டிவிடும். 4ஆம் எண் அயர்னாலும் 6ஆம் எண் அயர்னாலும் பத்துப் பந்துகள் வீதம் அடித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால், நீண்ட அயர்னை உயர்த்தும் வேகம் அந்த வீச்சில் இல்லை. வாங்கும்போது எண்ணைப் பார்க்காமல் லாஃப்ட்டைப் பார்க்க வேண்டும். தூரம் கூட்டிக் காட்டுவதற்காக நிறுவனங்கள் அயர்ன்களின் கோணத்தைப் படிப்படியாகக் குறைத்துவிட்டன. இன்றைய சில தொகுப்புகளின் 4ஆம் எண் அயர்ன் பழைய 3ஆம் எண்ணைவிட நிமிர்ந்திருக்கிறது. பையில் இருக்கும் கடைசி நம்பகமான அயர்ன் எதுவோ, அதிலிருந்து மூன்று, நான்கு பாகை இடைவெளியில் வுட்களை அடுக்கலாம். அயர்னுக்கும் வுட்டுக்கும் நடுவில் தண்டு நீளமும் பறக்கும் உயரமும் வேண்டுவோர் ஹைப்ரிட் எடுக்கலாம்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் 4ஆம் இடம் பெற்ற பெங்களூரின் அதிதி அசோக், அப்போது உலகின் முன்னணி வீராங்கனைகளில் தூரம் குறைவாக அடித்தவர்களில் ஒருவர். பிறர் நடுத்தர அயர்ன் எடுக்கும் தூரத்தில் அவர் பலமுறை வுட்டோ ஹைப்ரிட்டோ எடுத்துக் கிரீனில் பந்தை நிறுத்தியிருக்கிறார்.