பச்சைத் தேயிலை: இலையா, பையா?

பக்கத்துக்கு 1 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு கனசதுரத்தை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 1 மில்லிமீட்டர் அளவுள்ள 1000 துண்டுகளாக நறுக்கினால், மொத்த மேற்பரப்பு 60 சதுர சென்டிமீட்டராகிவிடும்! எடை கூடவில்லை, பரப்பு மட்டும் பத்து மடங்காயிற்று. தேநீர்ப் பைக்கும் முழு இலைக்கும் உள்ள வேறுபாட்டின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது.

பச்சைத் தேயிலை தனிச் செடியன்று. கறுப்புத் தேயிலை தரும் அதே செடியின் தளிரே அது. பறித்த தளிரை ஜப்பானில் நீராவியிலும், சீனாவில் பெரும்பாலும் சூடான சட்டியிலும் வாட்டுகிறார்கள். இலையைக் கறுக்கச் செய்யும் நொதி இதனால் செயலிழக்கிறது, பசுமை நிலைக்கிறது.

பைகளில் பெரும்பாலும் இருப்பது தூளும் நொறுங்கிய துணுக்குகளுமே. பரப்பு மிகுதியாதலால், கசப்பும் துவர்ப்பும் தரும் கேட்டிச்சின்கள் நீரில் விரைந்து இறங்குகின்றன. மணப் பொருள்களோ, டப்பாவில் இருக்கும்போதே எளிதில் ஆவியாகிவிடுகின்றன. அவசரத்துக்குப் பை உதவும், மறுப்பதற்கில்லை. சுவைதான் வேண்டுமென்றால் இலையே மேல்.

ஆனால் கொதிநீரை ஊற்றினால் நல்ல இலையும் கசக்கும். 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை ஆறவிட்டு ஊற்றுங்கள். இனிய சுவை தரும் தியானின் என்ற அமினோ அமிலம் அந்தச் சூட்டிலேயே நன்கு கரையும்; கேட்டிச்சின்கள் குறைவாகவே இறங்கும். இரண்டு நிமிடத்தில் வடிகட்டுங்கள். சுருண்டிருந்த இலை விரிந்து, பறித்தபோதிருந்த வடிவம் தெரியும். அதை எறிந்துவிடாதீர்கள். மீண்டும் வெந்நீர் ஊற்றினால் இன்னொரு கோப்பைத் தேநீர் கிடைக்கும்.