தலைநகர் பெர்லின், முதலிடம் ஃபிராங்பேர்ட்

ஜெர்மனியின் மிகப் பெரிய நகரம் பெர்லின். 36 லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். நாடாளுமன்றமும் அங்கேதான் இருக்கிறது. ஆனால், உலக வணிகச் சேவை வலைப்பின்னலில் அந்நாட்டின் முதலிடம் சுமார் ஏழரை லட்சம் பேர் மட்டுமே வாழும் ஃபிராங்பேர்ட்டுக்குத்தான். ஏன்?

எப்படி அளக்கிறார்கள்?

பிரிட்டனின் லாஃப்பரோ பல்கலைக்கழகத்தில் புவியியலாளர் பீட்டர் டெய்லர் 1998இல் தொடங்கிய ஆய்வுக் குழு இந்தத் தரவரிசையை வெளியிட்டுவருகிறது. மக்கள்தொகையும் உற்பத்தியும் இதில் கணக்கில்லை. தணிக்கை, விளம்பரம், நிதி, சட்டம், மேலாண்மை ஆலோசனை ஆகிய துறைகளின் பன்னாட்டு நிறுவனங்கள் எங்கெங்கே அலுவலகம் வைத்திருக்கின்றன என்பதே கேள்வி.

தலைமையகம் இருந்தால் 5 மதிப்பெண். வழக்கமான கிளைக்கு 2. எதுவும் இல்லையென்றால் 0. ஒரே நிறுவனத்துக்கு லண்டனில் தலைமையகமும் ஹாம்பர்க்கில் கிளையும் இருந்தால், இரண்டையும் பெருக்கி அவற்றின் பிணைப்பு 10 என்கிறார்கள். எல்லா நிறுவனங்களுக்கும் எல்லா நகரங்களுக்கும் இப்படிக் கூட்டிவரும் தொகையை வைத்து ஆல்ஃபா, பீட்டா, காமா என நகரங்களை வகுக்கிறார்கள். உச்சியில் லண்டனும் நியூயார்க்கும்.

பிரிவினை போட்ட கணக்கு

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு ஜெர்மனியின் வணிக மையம் பெர்லின்தான். டாய்ச்ச வங்கி (1870), அலையன்ஸ் காப்பீட்டு நிறுவனம் (1890) இரண்டும் பிறந்தது அங்கே. போருக்குப் பின் நகரம் நான்கு வல்லரசுகளின் கையில் துண்டானதும் நிறுவனங்கள் மேற்கே நகர்ந்தன. அலையன்ஸும் சீமென்ஸும் மியூனிக்குக்குப் போயின. மத்திய வங்கி ஃபிராங்பேர்ட்டில் அமைய, பெரிய வங்கிகளும் அங்கே திரண்டன. ஹாம்பர்க் பத்திரிகை, விளம்பரத் துறைகளைப் பிடித்தது. ரூர் தொழிற்பகுதியை ஒட்டிய டுசல்டார்ஃபில் ஆலோசனை நிறுவனங்கள் கடை விரித்தன. மெக்கின்சி 1964இல் தன் முதல் ஜெர்மன் அலுவலகத்தைத் திறந்தது அங்கேதான்.

கிழக்கு, மேற்கு எனப் பிரிந்திருந்த நாடு 1990இல் இணைந்தது; 1999இல் அரசும் பெர்லினுக்குத் திரும்பியது. வங்கிகள் திரும்பவில்லை. ஐரோப்பிய மத்திய வங்கி 1998இல் ஃபிராங்பேர்ட்டிலேயே தொடங்கப்பட்டது. வாடிக்கையாளர் இருக்கும் இடத்தில்தான் வழக்கறிஞரும் தணிக்கையாளரும் இருப்பார்கள். ஒரு முறை திரண்ட கூட்டம் எளிதில் கலைவதில்லை.

விளைவு, பிரிட்டனுக்கு லண்டன், பிரான்ஸுக்குப் பாரிஸ் என்பதுபோல் ஜெர்மனிக்கு ஒற்றைப் பெருநகரம் இல்லை. ஐந்து நகரங்கள் வேலையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. தனித்தனியே பார்த்தால் எதுவும் லண்டனுக்கு ஈடில்லை.

எதைச் சொல்லாது?

ஃபோக்ஸ்வாகனின் தலைமையகம் உள்ள வோல்ஃப்ஸ்பர்க் இந்தப் பட்டியலின் முன்வரிசையில் வராது. கார் ஆலைக்கு இங்கே மதிப்பெண் இல்லை. வாழ்க்கைத் தரம், வாடகை, வேலைவாய்ப்பு பற்றியும் பட்டியல் பேசாது. ஒரு நகரம் ‘ஆல்ஃபா’ ஆகிவிட்டது என்று அரசியல்வாதிகள் மார்தட்டும்போது, பன்னாட்டுச் சேவை நிறுவனங்களின் அலுவலகங்கள் அங்கே கூடியிருக்கின்றன என்று மட்டும் புரிந்துகொண்டால் போதும்.