கலைந்த எழுத்துக்களும் சொல் காணும் மனமும்

ன, ட், ப, ம், டி என்னும் ஐந்து எழுத்துக்களைக் கரும்பலகையில் எழுதி, இவற்றால் ஒரு சொல் அமைக்குமாறு ஆசிரியர் கேட்கிறார். ஒரு மாணவன் உடனே கை தூக்குகிறான். மற்றொருவன் ஐந்து நிமிஷமாகியும் விழித்துக்கொண்டிருக்கிறான். முன்னவன் கெட்டிக்காரன், பின்னவன் மந்தபுத்தியுள்ளவன் என்று முடிவு கட்டிவிடுவது வழக்கம். அம்முடிவு எவ்வளவு தூரம் நியாயமானது?

ஐந்து எழுத்துக்களை 120 விதமாக வரிசைப்படுத்தலாம். ஏழானால் 5,040 விதம். இவற்றை ஒவ்வொன்றாக எழுதிப் பார்ப்பவர் எவருமிலர். மெய்யெழுத்து தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாராது; டகர, னகர வரிசைகளும் வாரா. எஞ்சுவது பகரம் ஒன்றே. 120 இவ்வாறு 24 ஆகிவிடுகிறது. மகர மெய் இடையில் நிற்குமாயின், அதற்குப் பின் பகரம், மகரம், யகரம், வகரம் ஆகியவற்றுள் ஒன்று வேண்டும். பகரமோ முதலிடத்தைப் பிடித்துக்கொண்டது. மற்றவை இத்தொகுதியில் இல்லை. ஆகவே மகர மெய் ஈற்றில்தான் நிற்கும். வரிசைகள் ஆறாகக் குறைந்தன. டகர மெய்யை அடுத்து னகரமும் மகரமும் வாராமையால் 'ட்டி' சேர்ந்தே நிற்கவேண்டும். மிஞ்சுபவை இரண்டே: பட்டினம், பனட்டிம். பின்னதை யாரும் கேட்டதில்லை.

கை தூக்கிய மாணவன் தொல்காப்பியமோ நன்னூலோ பயின்றவனல்லன். பேசிப் பழகிய நாவும் படித்துப் பழகிய கண்ணும் அவ்விதிகளைத் தாமே கடைப்பிடிக்கின்றன. (இப்பொருள் பற்றிய ஆங்கில நூல்களின் உதாரணங்களைத் தமிழில் பெயர்க்க இயலாது, அதனாலேயே சொந்தச் சரக்கைக் கொடுக்க நேர்ந்தது.) 2021இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய 'வேர்டில்' என்னும் தினசரிப் புதிரும், ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லொன்றை ஆறு முயற்சிகளுக்குள் இவ்வாறு கழித்துக் கழித்துக் காணும் விளையாட்டேயாம்.

அமெரிக்க மனோதத்துவ நிபுணர்களான மேஸ்னர், டிரெஸெல்ட் ஆகியோர் 1958இல் பிரசுரித்த பரிசோதனை ஆசிரியர்களுக்கு மிகவும் பயன்படுவது. விடை காண ஆகும் காலம் இரண்டைப் பொறுத்திருக்கக் கண்டனர்: விடைச்சொல் எவ்வளவு வழக்கிலுள்ளது என்பது ஒன்று, எழுத்துக்கள் எவ்வரிசையில் கலைத்துத் தரப்பட்டன என்பது மற்றொன்று. இரண்டுமே மாணவனின் கையில் இல்லை! நாகப்பட்டினத்துச் சிறுவனுக்கு நாள்தோறும் காதில் விழும் சொல், மலைக் கிராமத்துச் சிறுவனுக்கு அத்துணைப் பழக்கமாயிருக்க நியாயமில்லை. இதைக்கொண்டு மதிப்பெண் இடுவது தகாது என்பதே எமது அபிப்பிராயம்.

விழித்துக்கொண்டிருப்பவன் சும்மா இருக்கிறான் என்றும் கொள்ளலாகாது. விடையை எவ்வளவு நெருங்கியிருக்கிறீர்கள் என்று இடையிடையே கேட்டு மெட்காஃப், வீபி ஆகியோர் 1987இல் ஓர் ஆராய்ச்சி நடத்தினர். அல்ஜீப்ராக் கணக்குகளில் நெருங்கும் உணர்வு படிப்படியாக வளர்ந்தது. திடீரெனப் புலப்படும் வகைப் புதிர்களிலோ, விடை தோன்றுவதற்குச் சற்று முன்வரையில் அவ்வுணர்வே தலைகாட்டவில்லை. கலைந்த சொற்கள் இரு வழியிலும் விடுபடக்கூடியவை.

எதிர்பார்ப்பும் வழி தவறச் செய்யும். 1610இல் கலிலியோ, சனிக்கிரகம் பற்றிய தமது கண்டுபிடிப்பை எழுத்துக்களைக் கலைத்து மறைபொருளாக அனுப்பினார். செவ்வாய்க்கு இரு சந்திரர்கள் இருக்கவேண்டும் என்று நம்பியிருந்த கெப்ளர், அதிலிருந்து அச்செய்தியையே வடித்தெடுத்தார்! செவ்வாய்க்கு இரு சந்திரர்கள் இருப்பது மெய்யாகவே 1877இல் கண்டுபிடிக்கப்பட்டது வேறு கதை.

திகைத்து நிற்பவனுக்கு விடையைச் சொல்லிவிடாமல், எழுத்துக்களை வட்டமாக எழுதிக் காட்டலாம். முதலில் தந்த வரிசையின் பிடி தளரும். பின்னர் முதலெழுத்தை மட்டும் சொல்லலாம். முதியோர் வகுப்பு நடத்தும் ஊழியர்கள் அட்டைகளில் எழுத்துக்களைத் தயாரிக்கும்போது, அவ்வாரம் கற்பித்த சொற்களையே எடுத்துக்கொள்க. 'கொ' போன்ற உயிர்மெய்யை அதன் குறிகளோடு ஒரே அட்டையில் எழுதுக. கொம்பையும் காலையும் தனித்தனி அட்டைகளாக வெட்டிவிட்டால், புதிதாகப் படிப்பவர் காலை ரகரமென்று எண்ணி மயங்குவர்.