வரிக் கணக்கும் உரிமைத் தொகையும்

இ-சேவை மையத்தின் வாசலில் ஓர் அம்மாள் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகளிர் உரிமைத் தொகைக்காக அவர் கொடுத்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது; குடும்பத்தில் ஒருவர் வருமான வரி செலுத்துகிறார் என்பது காரணம். “கொத்து வேலைக்குப் போற மனுசன் எந்தக் காலத்துல தம்பி வரி கட்டினாரு?” என்று அவர் கேட்கும் கேள்விக்கு, கணினியின் முன் அமர்ந்திருக்கும் இளைஞரிடம் விடை இல்லை. விடை அவருடைய கணவரின் வரிக் கணக்கில் இருக்கிறது. அதைப் படித்து அறிந்துகொள்வது கூலிக்காரக் குடும்பங்களுக்கும் இன்று அவசியமாகிவிட்டது.

அந்தக் கொத்தனார் ஒரு கட்டட நிறுவனத்திடம் பூச்சு வேலையைச் சில்லறை ஒப்பந்தமாக எடுத்து, ஆண்டு முழுவதிலும் 3,00,000 ரூபாய் பெற்றிருந்தால், அந்நிறுவனம் சட்டப்படி நூற்றுக்கு ஒன்று வீதம் 3,000 ரூபாயை டி.டி.எஸ். என்று பிடித்துச் சர்க்காருக்குச் செலுத்தியிருக்கும். சித்தாள் கூலியும் சாரத்தின் வாடகையும் போக அவர் கையில் நின்றது 1,20,000 ரூபாயாக இருக்கலாம். எனினும் 26ஏஎஸ் என்று வழங்கிவந்த வரிப் படிவத்தில் தெரிவது 3,00,000 என்ற மொத்தத் தொகையும் அதன்மீது செய்த பிடித்தமுமே ஆகும். வரவு வேறு, வருமானம் வேறு. பிடித்தம் வேறு, செலுத்தக் கடமைப்பட்ட வரி வேறு. இந்தப் பேதங்களைக் கவனியாமல் ஓர் இலாகாவின் ஏட்டை மற்றோர் இலாகாவின் ஏட்டோடு ஒத்துப் பார்த்தால், வரி செலுத்த வேண்டாத ஏழையும் வரி செலுத்துவோரின் வரிசையில் சேர்க்கப்பட்டுவிடுவார்.

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், 21 வயது நிறைந்த குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குவதற்காக ஏற்பட்டது. தொடக்கத்தில் வகுத்த விதிகளின்படி, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டலாகாது. அந்த வருமான வரம்புக்கு மேல் ஈட்டி வருமான வரி செலுத்துவோரின் குடும்பங்கள் விலக்கப்படும். விவசாயிகளுக்கு மூன்று தவணைகளில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பி.எம். கிசான் திட்டத்திலும், முந்தைய மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி செலுத்தியவர்களுக்கு இடமில்லை. கணக்குத் தாக்கல் செய்தால் உதவி நின்றுவிடுமோ என்று அஞ்சி, பிடித்த பணத்தைத் திரும்பக் கேளாமல் விட்டுவிட வேண்டாம். மகளிர் உரிமைத் தொகையின் வரம்புக்குக் கீழ் வருமானமுள்ளவர், தமக்குரிய 3,000 ரூபாயை மீட்பதற்காகக் கணக்குத் தாக்கல் செய்தார் என்பது ஒன்றே தகுதியிழப்புக்குக் காரணமாகாது.

இவ்விதிகளின் அமைப்பிலேயே சீர்திருத்தவேண்டிய குறை ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு 2,49,000 ரூபாய் ஈட்டும் குடும்பம் உரிமைத் தொகையோடு சேர்த்து 2,61,000 ரூபாயில் ஜீவிக்கிறது. கூலி 2,000 ரூபாய் உயர்ந்து வருமானம் 2,51,000 ஆனால், உதவி முழுவதையும் இழந்து, முன்னிருந்ததைவிட 10,000 ரூபாய் தாழ்ந்த நிலைக்கு வந்துவிடுகிறது. இதே சங்கடம் வசதி படைத்தவர்களுக்கு நேராதபடி வரிச் சட்டம் காக்கிறது. 2025-26 நிதியாண்டில், புதிய வரி முறையின் கீழ், 12,10,000 ரூபாய் வரிக்குரிய சம்பளம் உடையவருக்குப் பட்டியல்படி 61,500 ரூபாய் வரி ஏற்பட்டும், வரியில்லாத எல்லையாகிய 12,00,000 ரூபாயைத் தாண்டிய 10,000 ரூபாய்க்கு மேற்படாமல், செஸ் நீங்கலாக, அது குறைக்கப்படுகிறது. பன்னிரண்டு லட்சத்தின் எல்லையில் நிற்பவருக்குக் காட்டும் பரிவை இரண்டரை லட்சத்தின் எல்லையில் நிற்பவருக்கு மறுப்பது நியாயமாகாது. அவருடைய உதவியும் படிப்படியாகக் குறையவேண்டுமேயன்றி ஒரே நாளில் அற்றுப்போகலாகாது. சோப்புக்கும் பற்பசைக்கும் ஜி.எஸ்.டி. செலுத்துகிற அந்தக் குடும்பம் பொதுக் கஜானாவுக்குத் தன் பங்கைக் கொடுத்துக்கொண்டேயிருக்கிறது. அது கேட்பது தருமம் அன்று.

இனி, பரிகாரங்களைச் சொல்கிறேன். உரிமைத் தொகை மறுக்கப்பட்டால், குறுஞ்செய்தி வந்த 30 நாட்களுக்குள் இ-சேவை மையத்தின் வாயிலாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று திட்டத் தொடக்கத்திலேயே வழிவகை செய்யப்பட்டது. அதற்கு வருமானச் சான்றும் கூலி கொடுத்த கணக்கும் கைவசம் இருக்கட்டும். வருமான வரித் தளத்தில் ஆண்டுத் தகவல் அறிக்கையைப் பார்த்து, உங்களுக்குச் சம்பந்தமில்லாத தொகை இருந்தால் அங்கேயே ஆட்சேபத்தைப் பதிவு செய்யுங்கள். காரணம் தெளிவாகச் சொல்லப்படாவிட்டால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனுக் கொடுங்கள். 30 நாட்களில் பதில் தருவது அதிகாரியின் கடமை. பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி அளிக்க 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம்.

அபாயங்களையும் அறிந்திருங்கள். பான் எண்ணைக் கொடுக்காவிட்டால் நூற்றுக்கு ஒன்றாக இருக்கவேண்டிய பிடித்தம் நூற்றுக்கு இருபதாகும். அதற்காகப் பான், ஆதார் நகல்களை முன்பின் தெரியாதவர்களிடம் கொடுத்துவிடலாகாது. பிறர் அவற்றைக் கொண்டு உங்கள் பெயரில் வியாபாரப் பதிவு செய்தால், செய்யாத வியாபாரத்தின் கணக்கு உங்கள் தலையில் விழும். உதவித்தொகை வாங்கித் தருவதாகச் சொல்லி ஓ.டி.பி. கேட்பவர் எவராயினும் அதைச் சொல்லாதீர்கள்.

சீர்திருத்தம் வரும் வரையில் நம்மைக் காப்பது நம் கையிலுள்ள காகிதமே. அடுத்த முறை கூலியில் பிடித்தம் செய்யும்போது அதற்குரிய சான்றிதழைத் தயங்காமல் கேட்டு வாங்கி, ரேஷன் அட்டை இருக்கும் பெட்டியிலேயே பத்திரமாக வையுங்கள்.