ஆபீஸ் போனில் சொந்த மெசேஜ்: பார்ப்பது யார்?

அரசு அலுவலகம் ஒன்று தன் ஊழியருக்கு செல்போன் தருகிறது. மாதாமாதம் பில்லையும் அதுவே கட்டுகிறது. அந்தப் போனில் ஊழியர் தன் மனைவிக்கு ஒரு மெசேஜ் அனுப்புகிறார். அதைப் படிக்கும் உரிமை அலுவலகத்துக்கு உண்டா? "கூடுதலாக ஆகும் காசை நானே கட்டிவிடுகிறேன்" என்று ஊழியர் சொல்லிவிட்டால் அந்த உரிமை போய்விடுமா?

சின்ன கேள்வியாகத் தெரிகிறது அல்லவா? அமெரிக்காவில் இது உச்ச நீதிமன்றம் வரை போனது. 2010-ல் தீர்ப்பு வந்தது. அந்த வழக்கைத் தெரிந்துகொண்டால், நாம் அனுப்பும் மெசேஜ் எந்த வழியாகப் போகிறது, எங்கெல்லாம் தங்குகிறது என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும்.

20 பேஜர்களின் கதை

கலிபோர்னியா மாநிலத்தில் ஒன்டாரியோ என்று ஒரு நகரம் இருக்கிறது. 2001 அக்டோபரில் இந்நகர நிர்வாகம் எழுத்து மெசேஜ்களை அனுப்பவும் பெறவும் கூடிய 20 பேஜர்களை வாங்கியது. அவசர நேரத்தில் உடனே ஒன்று சேர்வதற்காக, காவல் துறையின் அதிரடிப் படையினருக்கு இவை தரப்பட்டன. ஒரு பேஜருக்கு மாதம் 25,000 எழுத்துகள் வரைதான் அனுமதி. அதற்கு மேல் போனால் தனிக் கட்டணம்.

படையின் சார்ஜென்ட் ஒருவர் ஆரம்பத்திலேயே இந்த அளவைத் தாண்டிவிட்டார். பேஜர்களைக் கவனித்துவந்த அதிகாரி அவரிடம் இரண்டு விஷயங்களைச் சொன்னார். ஒன்று, இந்த மெசேஜ்களும் அலுவலக இ-மெயில் போலத்தான், தணிக்கை செய்யப்படலாம். இரண்டு, கூடுதல் கட்டணத்தை நீங்களே கட்டிவிட்டால் தணிக்கை தேவைப்படாது. சார்ஜென்ட்டும் கட்டினார். அடுத்த சில மாதங்களில் மூன்று நான்கு முறை இப்படியே நடந்தது.

2002 அக்டோபரில் அந்த அதிகாரிக்கு அலுத்துவிட்டது. மாதாமாதம் பணம் வசூலிக்கும் ஆளாக இருக்க முடியாது என்று காவல் துறைத் தலைவரிடம் சொன்னார். 25,000 எழுத்துகள் அலுவலக வேலைக்கே போதவில்லையா, இல்லை சொந்த மெசேஜ்களால் அளவு தாண்டுகிறதா என்று பார்க்கத் தலைவர் உத்தரவிட்டார். சேவை தந்த நிறுவனத்திடமிருந்து ஆகஸ்ட், செப்டம்பர் மாத மெசேஜ்களின் நகல் வாங்கப்பட்டது.

சார்ஜென்ட்டின் ஆகஸ்ட் மாதக் கணக்கு இதோ. வேலை நேரத்தில் அவர் அனுப்பியதும் பெற்றதுமாக 456 மெசேஜ்கள். அவற்றில் வேலை சம்பந்தமானவை 57-க்கு மேல் இல்லை. ஒரே நாளில் 80 மெசேஜ்கள் வரை அனுப்பியிருந்தார். மிக அந்தரங்கமான பேச்சுகளும் அவற்றில் இருந்தன.

அவர் வழக்குப் போட்டார். அவரோடு மெசேஜ் பரிமாறிக்கொண்ட மூவரும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களில் அவர் மனைவியும் ஒருவர். இதைக் கவனியுங்கள்: ஆபீஸ் கருவியைப் பயன்படுத்துபவர் ஒருவர்தான். ஆனால் அவரோடு பேசுகிற எல்லோருடைய அந்தரங்கமும் அதில் மாட்டிக்கொள்கிறது.

தீர்ப்பு என்ன சொன்னது?

மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-ல் சார்ஜென்ட் பக்கம் நின்றது. 2010 ஜூன் 17 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 'ஒன்டாரியோ நகரம் எதிர் குவான்' என்ற இந்த வழக்கில் 9 நீதிபதிகளும் நகரத்துக்குச் சாதகமாகவே முடிவெடுத்தார்கள். காரணங்கள் இரண்டு. சோதனைக்கு அலுவலகம் சார்ந்த நியாயமான தேவை இருந்தது. சோதனையும் அளவோடு நடந்தது: இரண்டு மாத மெசேஜ்கள் மட்டுமே எடுக்கப்பட்டன, உள் விசாரணையில் பணி நேரத்துக்கு வெளியே அனுப்பியவை மறைக்கப்பட்டன.

ஆபீஸ் எதை வேண்டுமானாலும் படிக்கலாம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. தொழில்நுட்பம் வேகமாக மாறுவதால், ஊழியரின் அந்தரங்க உரிமை எதுவரை என்ற பெரிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டது. ஆனால், கூடுதல் காசைக் கட்டியது சார்ஜென்ட்டைக் காப்பாற்றவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

மெசேஜ் எங்கே இருந்தது?

சார்ஜென்ட் தன் பேஜரில் இருந்த எல்லாவற்றையும் டெலீட் செய்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. பேஜரிலிருந்து கிளம்பும் மெசேஜ் ரேடியோ அலையாகச் சேவை நிறுவனத்தின் டவருக்குப் போகிறது. அங்கிருந்து நிறுவனத்தின் சர்வருக்குப் போய், பிறகுதான் எதிர்முனைக்குச் சேருகிறது. போகிற வழியில் சர்வரில் ஒரு நகல் தங்கிவிடுகிறது. சந்தாதாரர் நகரம்தான் என்பதால், நகரம் கேட்டதும் நிறுவனம் எடுத்துக் கொடுத்துவிட்டது. ஒருவர் பேஜரைக்கூட யாரும் தொடவில்லை!

டெட்ராய்ட் நகர மேயர் கில்பாட்ரிக்குக்கும் இதுதான் நடந்தது. 2002, 2003-ல் நகரம் தந்த பேஜரில் அவரும் அவருடைய தலைமை உதவியாளரும் அனுப்பிக்கொண்ட மெசேஜ்கள் 2008 ஜனவரியில் செய்தித்தாளில் வெளிவந்தன. தங்களுக்குள் உறவு எதுவும் இல்லை என்று 2007-ல் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொன்னது பொய் என்று அவை காட்டின. 2008 செப்டம்பரில் மேயர் குற்றத்தை ஒப்புக்கொண்டு பதவி விலகினார். ஐந்து வருடம் சர்வரில் தூங்கிய மெசேஜ்கள் அவை.

காசுக் கணக்கு போனது, பதிவு நின்றது

அமெரிக்காவில் 1989-ல் வந்த ஒரு வரிச் சட்டப்படி, ஆபீஸ் செல்போனில் எது அலுவலக அழைப்பு, எது சொந்த அழைப்பு என்று கணக்கு வைத்திருக்க வேண்டும். வைக்காவிட்டால் அந்தச் சலுகை வருமானமாகக் கருதப்பட்டு வரி வரும். நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் இருந்த காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. மாதம் ஒரே கட்டணம் என்று ஆனபின் யார் எண்ணிக்கொண்டிருப்பது? 2010-ல் சட்டத்தைத் திருத்தி இந்தத் தொல்லையை நீக்கினார்கள்.

அதனால் சொந்த அழைப்புக்கு ஆகும் செலவு இன்று பெரிய விஷயமே இல்லை. போனில் தங்கும் பதிவுகள்தான் விஷயம். பேஜர் எழுத்துகளை மட்டுமே சுமந்தது. இன்றைய ஸ்மார்ட்போன் போட்டோ, இருப்பிடம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் சுமக்கிறது.

"அப்படியானால் ஆபீஸ் வேலையையும் சொந்த போனிலேயே பார்த்துவிடலாமே" என்று தோன்றுகிறதா? அதிலும் சிக்கல் உண்டு. அரசு ஊழியர் சொந்த போனில் அனுப்பினாலும், அரசு வேலை பற்றிய மெசேஜ் என்றால் அது பொது ஆவணம்தான் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2017-ல் சான் ஹோசே நகர வழக்கில் தீர்ப்பளித்தது. இரண்டையும் கலந்தால் எந்தப் பக்கமும் பாதுகாப்பில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

நம் ஊரில் சட்டம் வேறு. ஆனால் மெசேஜ் போகும் வழி எல்லா ஊரிலும் ஒன்றுதான். உங்களிடமோ உங்கள் வீட்டிலோ ஆபீஸ் போன் இருந்தால் இவற்றைக் கவனியுங்கள்.

1. ஆபீஸ் போனில் உங்கள் சொந்த கூகுள் அக்கவுன்ட்டைத் திறக்காதீர்கள். சிங்க் வசதி ஆனில் இருந்தால், வீட்டு கம்ப்யூட்டரின் குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளும் பார்த்த இணையதளங்களின் பட்டியலும் ஆபீஸ் போனுக்கும் வந்துவிடும்.

2. வங்கி, கேஸ், ஆதார் எதற்கும் ஆபீஸ் எண்ணைக் கொடுக்காதீர்கள். இடமாற்றம் வந்து சிம்மைத் திருப்பிக் கொடுத்தால், உங்கள் ஓ.டி.பி. அடுத்து வருபவருக்குப் போகும்.

3. பல அலுவலகங்கள் போனில் ஒரு நிர்வாக மென்பொருளைப் போட்டுத் தருகின்றன. அதைக் கொண்டு போனைத் தூரத்திலிருந்தே பூட்டலாம், முழுவதும் அழிக்கலாம். குழந்தையின் பிறந்தநாள் போட்டோக்கள் அதில் மட்டும் இருந்தால் அவையும் போய்விடும். வீட்டு கம்ப்யூட்டரில் நகல் எடுத்து வையுங்கள்.

4. அலுவலக விதிமுறையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேலதிகாரி வாய்வார்த்தையாகச் சொல்வது நாளை மாறலாம்.

5. போனைத் திருப்பித் தரும்போது சொந்த அக்கவுன்ட்களிலிருந்து வெளியே வாருங்கள். அலுவலக மெசேஜ்களை நீங்களாக அழிக்காதீர்கள். என்ன செய்வது என்று அலுவலகத்திடம் கேட்டுச் செய்யுங்கள்.

மறந்த சாவியை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லி ஆபீஸ் போனில் ஒரு அழைப்பு செய்வதை யாரும் குற்றமாக நினைக்கப்போவதில்லை. மற்றவர் படிக்கக் கூடாது என்று நீங்கள் நினைக்கும் எதையும் அந்தப் போனில் டைப் செய்யாமல் இருந்தால் போதும்.