படுக்கையருகே வரும் மறையுரை: கணினியிலிருந்து கைப்பேசிக்குக் கம்பியில்லாமல்



மாதந்தோறும் இம்மடலில் வானொலி மறையுரைகளை அச்சிட்டுத் தருகிறோம். ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வாசலில் அதை ஆவலோடு வாங்கிச் செல்கிறீர்கள். ஆனால் வானொலியையே நம்பியிருந்தவர்களில் பலருக்கு அச்செழுத்தால் பயனில்லை. கண்புரை வந்தவர்கள், பக்கவாதத்தால் படுத்திருப்பவர்கள், எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவர்கள் என அவர்கள் நம் ஒவ்வோர் அன்பியத்திலும் இருக்கிறார்கள். அறிவிப்பதைக் கேட்பதால்தான் நம்பிக்கை பிறக்கிறது என்று உரோமையருக்குப் புனித பவுல் போதித்தார். படிக்க இயலாதவர்க்கும் கேட்கும் வழி திறந்திருக்க வேண்டும் அல்லவா?

கடந்த தவக்காலத்தில் நம் பங்கு எல்லையிலுள்ள முதியோர் இல்லத்திற்கு நற்கருணை கொண்டு சென்றோம். அங்கே ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய டிரான்சிஸ்டர் ஒன்றை எடுத்துக் காட்டினார். "சாமி, இதுல வேரித்தாஸ் நல்லா வந்துக்கிட்டு இருந்துச்சு. இப்ப இரைச்சல்தான் வருது. பெட்டி ரிப்பேரா, என் காது ரிப்பேரா தெரியல" என்றார். பெட்டியும் பழுதில்லை, காதும் பழுதில்லை. 1976-இல் மணிலாவிலிருந்து தொடங்கிய வேரித்தாஸ் தமிழ்ப்பணி பல்லாண்டுகள் சிற்றலையில் வந்தது. 2018-ஆம் ஆண்டின் நடுவில் அந்தச் சிற்றலை ஒலிபரப்பு நிறுத்தப்பட்டு, பணி இணையத்திற்கு மாறியது. நமக்கெல்லாம் தெரிந்த இச்செய்தியை அவரிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. நமக்கும் தோன்றவில்லை.

அந்த இல்லத்து அலுவலகத்தில் ஒரு கணினி இருக்கிறது, வை-ஃபை இருக்கிறது. நம் இளையோர் இயக்கத்தினர் சிலரோடு அமர்ந்து ஒரு ஏற்பாட்டைச் செய்தோம். மறையுரைகள் கணினியில் இருக்கும். அவரவர் படுக்கையருகே உள்ள சிறு கைப்பேசியில் ஒலிக்கும். இடையில் கம்பி கிடையாது. உங்கள் வீட்டிலும் இதைச் செய்யலாம் என்பதால் விளக்கமாகச் சொல்கிறோம்.

பார்சலும் பந்தியும்

ஓர் ஒலிப்பதிவை முழுவதுமாகக் கைப்பேசிக்குள் இறக்கி வைத்துக்கொள்வது, உணவகத்தில் பார்சல் கட்டி வாங்கி வருவதைப் போன்றது. கம்பியில்லா ஒலியோட்டம், அதாவது ஸ்ட்ரீமிங் என்பது, இலை போட்டு அமர்ந்திருப்பவருக்குப் பரிமாறுவதைப் போன்றது. பானை சமையலறையிலேயே இருக்கும். சாப்பிடச் சாப்பிட, வேண்டிய அளவு இலைக்கு வரும். இங்கே கணினி பரிமாறுபவர். அதனால்தான் அதைச் சர்வர் என்கிறார்கள். கைப்பேசி இலை. ஒரே சர்வர் ஒரே நேரத்தில் பல இலைகளுக்குப் பரிமாற முடியும். ஒருவர் ஞாயிறு மறையுரையும் அடுத்தவர் பெரிய வெள்ளிச் சிந்தனையும் கேட்கலாம்.

'மெமரி கார்டில் போட்டுக் கொடுத்தால் போதாதா?' என்று கேட்பீர்கள். ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் அதுவே போதும். ஆனால் இல்லத்தில் பலர் இருக்கிறார்கள். புதிய மறையுரை வரும்போதெல்லாம் ஒவ்வொரு கைப்பேசியையும் வாங்கி ஏற்றித் தர, அருள்சகோதரிகளுக்கு நேரம் ஏது? கணினியில் ஒருமுறை வைத்துவிட்டால் எல்லாக் கட்டிலுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

செய்யும் முறை

தேவையானவை மூன்று: விண்டோஸ் 10 உள்ள ஒரு கணினி, வை-ஃபை ரௌட்டர், வி.எல்.சி. என்ற இலவசச் செயலி உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசி. பெட்டியில் தூங்கும் பழைய கைப்பேசியே போதும். சிம் கார்டு வேண்டாம்.

முதலாவது, கணினியும் கைப்பேசியும் ஒரே வை-ஃபையில் இணைந்திருக்க வேண்டும். விருந்தினருக்கென்று தனியாக வைத்திருக்கும் 'கெஸ்ட்' வை-ஃபையில் கைப்பேசி இருந்தால் கணினி அதன் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது, கணினியின் செட்டிங்ஸ் பகுதியில் அந்த வை-ஃபையை 'பிரைவேட்' என்று குறியுங்கள். 'பப்ளிக்' என்றிருந்தால், பேருந்து நிலையத்தில் இருப்பதாக எண்ணிக் கணினி கதவைச் சாத்திக்கொள்ளும்.

மூன்றாவது, மறையுரைகளைக் கணினியின் 'மியூசிக்' கோப்புறைக்குள் வையுங்கள். கோப்புகளுக்கு ஞாயிற்றின் பெயரையும் தேதியையும் இடுங்கள். பெயர் தெளிவாக இருந்தால் பேரக்குழந்தைகூட எடுத்துக் கொடுத்துவிடும்.

நான்காவது, கண்ட்ரோல் பேனலில் 'நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர்' என்பதைத் திறந்து, 'மீடியா ஸ்ட்ரீமிங் ஆப்ஷன்ஸ்' என்பதை அழுத்தி, ஸ்ட்ரீமிங்கை இயக்குங்கள். அங்கே கருவிகளின் பட்டியல் தோன்றும். தெரிந்த கருவிகளுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அதே இடத்தில் கணினிக்கு ஒரு பெயரும் இடலாம். நாம் 'மறையுரை' என்று இட்டோம்.

ஐந்தாவது, கைப்பேசியில் வி.எல்.சி.யைத் திறந்து, 'பிரவுஸ்' பகுதியில் 'லோக்கல் நெட்வொர்க்' என்பதன் கீழ்ப் பாருங்கள். கணினியின் பெயர் அங்கே தெரியும். அதைத் தொட்டு உள்ளே சென்று, வேண்டிய மறையுரையைத் தொட்டால் ஒலிக்கத் தொடங்கும். முதல் சில நொடிகள் தாமதம் ஆகலாம். தொடர்ந்து தடையின்றி ஒலிக்கச் சிறிது முன்கூட்டியே சேமித்துக்கொள்கிறது; பொறுங்கள்.

இதற்கு இணைய டேட்டா செலவாகுமா என்று பலர் கேட்டார்கள். ஆகாது. ஒலி வீட்டுக்குள்ளேயே கணினியிலிருந்து ரௌட்டருக்கும், ரௌட்டரிலிருந்து கைப்பேசிக்கும் செல்கிறது. இணைய இணைப்பு அறுந்திருந்தாலும் ரௌட்டருக்கு மின்சாரம் இருந்தால் மறையுரை வரும். பேச்சுக்கு நொடிக்கு 64 கிலோபிட் அளவுள்ள எம்.பி.3 பதிவே தெளிவாக இருக்கும். அந்தக் கணக்கில் பத்து நிமிட மறையுரை ஏறக்குறைய 4.8 எம்.பி. பிடிக்கும். ஓராண்டின் 52 ஞாயிறுகளுக்கும் சேர்த்து 250 எம்.பி. போதும்.

ஒலி வராவிட்டால்

இல்லத்தில் முதல் நாள் எல்லாம் நன்றாக நடந்தது. மறுநாள் காலை ஒரு கைப்பேசியிலும் ஒன்றும் வரவில்லை. வை-ஃபையைக் குறை சொன்னோம், கைப்பேசியைக் குறை சொன்னோம். பிறகுதான் தெரிந்தது, கணினி தூங்கிவிட்டது.

காரணம் எளிது. வி.எல்.சி.யைத் திறந்தவுடன் கைப்பேசி வை-ஃபையில், 'பரிமாற யாராவது இருக்கிறீர்களா?' என்று கூப்பிடுகிறது. விழித்திருக்கும் கணினி, 'இதோ இருக்கிறேன்' என்று பதில் தருகிறது. சிறுவன் சாமுவேல் தூக்கத்திலும் அழைப்பைக் கேட்டு எழுந்தான். நம் கணினி தூங்கினால் எழாது. ஆகவே 'பவர்' அமைப்பில் 'ஸ்லீப்' என்பதற்கு 'நெவர்' என்று வையுங்கள். திரை அணைந்தால் பரவாயில்லை.

ஒலி விட்டுவிட்டு வந்தால், ரௌட்டரைத் தரையிலோ அலமாரிக்குள்ளோ வைக்காமல் உயரத்தில் வையுங்கள். ரௌட்டரில் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசைகள் இருந்தால், தடித்த சுவர்களைத் தாண்ட 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் நல்லது.

ஓர் எச்சரிக்கை. இந்த ஏற்பாட்டில் பாட்டு மட்டுமல்ல, கணினியின் படங்களும் காணொளிகளும் அனுமதி பெற்ற கருவிகளுக்குத் தெரியக்கூடும். குடும்பப் படங்கள் இருக்கும் கணினியானால், எதைப் பகிர்வது என்பதை அதே பகுதியில் குறைத்துக்கொள்ளுங்கள். வை-ஃபை கடவுச்சொல்லைச் சுவரில் எழுதி ஒட்டாதீர்கள்.

குரல் போகும் இடமும் ஆள் போக வேண்டிய இடமும்

இதில் திருஅவைக்குப் புதுமை ஒன்றுமில்லை. 1931 பிப்ரவரி 12 அன்று, மார்க்கோனி அமைத்துத் தந்த வத்திக்கான் வானொலியில் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் உலகுக்குப் பேசினார். அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன், அசிசி நகர்ப் புனித கிளாரா நோயுற்றுப் படுத்திருந்த கிறிஸ்து பிறப்பு இரவில், ஆலயத்துக்குப் போக முடியாத ஏக்கத்தில் இருந்தார். தொலைவில் நடந்த வழிபாட்டை அவர் தம் அறையிலிருந்தே கண்டார், கேட்டார் என்பது மரபு. அதனால்தான் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1958-இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தார். படுத்த படுக்கையாய் இருந்த ஒரு பெண்ணை இதற்குப் பாதுகாவலராக்கியிருப்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் நம் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாடு நன்றாக ஓடத் தொடங்கியதும், திருவிழா வேலைகளைக் காரணம் காட்டி மூன்று வாரம் அந்த இல்லத்துக்குப் போகாமல் இருந்துவிட்டோம். மறையுரைதான் தினமும் போகிறதே என்று மனம் சமாதானம் சொன்னது. நான்காம் வாரம் போனபோது உபதேசியார் சிரித்தபடியே சொன்னார்: "சாமி, பிரசங்கம் தினமும் வருது. சாமிதான் வரல."

குருமடத்தில் பல ஆண்டுகள் படித்த இறையியலை அந்த ஒரு வரியில் அவர் நமக்கு மறுபடி நடத்தினார். வார்த்தை குரலாக மட்டும் நம்மிடம் வரவில்லை. மனுவுருவானது, நம்மிடையே குடிகொண்டது. 2002-இல் சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை வெளியிட்ட 'திருஅவையும் இணையமும்' என்ற ஏடும், அருளடையாளங்களை இணையத்தின் வழி பெற முடியாது என்று தெளிவாக்கியது. நற்கருணையும் ஒப்புரவும் நோயில்பூசுதலும் வை-ஃபையில் போகாது. அவை கை நீட்டித் தரப்பட வேண்டியவை. மறையுரை கேட்டவரின் கண்ணில் நீர் வந்தால் துடைக்கவும் ஒரு கை வேண்டும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். வீட்டில் பயன்படுத்தாத கைப்பேசி இருந்தால், அதிலுள்ள உங்கள் படங்களையும் கணக்குகளையும் முழுவதுமாக அழித்துவிட்டு, சார்ஜரோடு பங்கு அலுவலகத்தில் கொடுங்கள். இளையோர் அதைச் சரிசெய்து, வீட்டைவிட்டு வெளியே வர இயலாதவர்களுக்குக் கொண்டுபோய்த் தருவார்கள். இரண்டாவது, ஒவ்வோர் அன்பியமும் தம் பகுதியில் படுத்திருக்கும் ஒருவரைப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை போய், ஒலி வருகிறதா என்று பாருங்கள். வந்தாலும் உடனே எழுந்து வந்துவிடாதீர்கள். அவரோடு அமர்ந்து, அந்த மறையுரையைச் சேர்ந்து கேளுங்கள்.

நாமும் இனி வாரந்தோறும் போவோம். தவறினால் உபதேசியார் சும்மா விடமாட்டார்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை